பங்கயமும் ஒரு பகைச்சொல்லும்



தாமரைக்குப் பங்கயம் என்றொரு பெயருண்டு. சேற்றிலே பிறப்பது என்பது பொருள். சேற்றிலே நண்டும் நத்தையுந்தான் பிறக்கின்றன. அவற்றைப் பங்கயம் என்பாரில்லை. இதனைக் காரண இடுகுறிப்பெயர் என்பது இலக்கண மரபு.

'செமித்திய எதிர்ப்பு' என்ற சொல்லும் அத்தகையதே. செமித்தியம் என்பது எபிரேயமும் அரபும் அடங்கிய மொழிக்குடும்பத்தின் பெயர். ஆகவே, அரபியரும் செமித்தியரே. அவர்கள் யூதரை வெறுத்தால் அதனை இச்சொல்லாற் குறிக்கலாகாது என வாதிடுவோர் உளர். ஆனால், 1879இல் வில்ஹெல்ம் மார் ஜெர்மனியில் இச்சொல்லைப் பரப்பியபோது யூதரை மட்டுமே குறிவைத்தார். பழம் பகைக்கு மொழியியலின் போர்வை கிடைத்தது. அப்பகை முற்றி, நாசிகளின் காலத்தில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். இன்றைய சர்ச்சை இஸ்ரேல் பற்றியது. ஓர் அரசைக் கண்டிப்பது வேறு. யூதர் என்பதற்காகவே ஒருவரை வெறுப்பது வேறு.

எமது வன்னியிலும் இத்தகைய சொல் உண்டு. 1977 வன்செயலின் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையக மக்களை எம்மவர் சிலர் 'தோட்டக்காட்டான்' என்றனர். தோட்டஞ் செய்வோர் எம்மிலும் பலர். அவர்களை எவரும் அவ்வாறு அழைத்ததில்லை.

பகை தோய்ந்த சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்தாற் போதாது. அது யார்மீது எறியப்படுகிறது என்பதிலேதான் அதன் பொருள் இருக்கிறது.