ஒரு ஃபியட்டும் ஒரு ஃபெராரியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பழைய கார்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இரண்டு இத்தாலிக் கார்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நம் தெருக்களில் ஓடிய ஃபியட் 1100. பிற்காலத்தில் அதற்குப் பத்மினி என்று பெயர். இன்னொன்று, 2002இல் சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாகக் கிடைத்த ஃபெராரி 360 மொடெனா.

ஃபியட் எப்போது ஸ்போர்ட்ஸ் கார் ஆனது என்று பின்வரிசையில் சிரிக்கிறார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலம் உண்டு. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்தது. அதற்கு முன் சோழவரத்தில் சீறிய வண்டிகளில் ஃபியட்டும் ஒன்று. பம்பாய் குர்லாவில் தயாரான சாதாரணக் குடும்பக் கார்தான். 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், ஸ்டீயரிங்குக்குக் கீழேயே கியர். பந்தயத்துக்கென்றால் சிலிண்டர் ஹெட்டை இழைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், கார்புரேட்டரை மாற்றலாம், பின்சீட்டைக் கழற்றி எடையைக் குறைக்கலாம். ஒரு லேத் பட்டறையும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஃபெராரி வேறு ஜாதி. 3586 சிசி, எட்டு சிலிண்டர், 400 குதிரைத்திறன். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஃபியட்டில் 37, இதில் 111. எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். சட்டமும் உடலும் அலுமினியம். உப்புக்காற்றில் கதவடி உதிர்வதைப் பார்த்த நமக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் கோட்டுச்சேரி வேகத்தடையில் அதன் வயிறு தட்டிவிடும்.

இரண்டும் உறவுக்காரர்கள். 1969இல் ஃபெராரியின் பாதிப் பங்கை ஃபியட்தான் வாங்கியது. பிராட்மனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக வந்த பரிசுக்கு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்ததும் சர்ச்சை வெடித்தது. கடைசியில் வரியைக் கட்டியதும் ஃபியட்தான். (வரி என்றதும் நினைவு வருகிறது: வெளியூரில் பி.ஒய். எண்ணோடு சொகுசுக் கார் போனால் நம்ம ஊர்க்காரர் என்று கையசைத்துவிடாதீர்கள்.)

இரண்டில் எனக்கு எது வேண்டும் என்றால், ஃபியட். ஃபெராரியில் ஒரு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரோடு ஆள் வர வேண்டும். ஃபியட் நின்றால் பானெட்டைத் திறந்து பார்த்தாலே பாதி புரியும்.

இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. ஓடாத வண்டிகளை அப்புறப்படுத்தும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. நம் அக்கா ஒருவரின் ஃபியட், தூணோரம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அவர் கணவர் கடைசிவரை தன் கையாலேயே பழுது பார்த்த வண்டி. 1972 மாடல். முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத கார்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதிய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிந்தால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். தினசரிக் கடைத்தெருவுக்குக் கூடாது.

இப்போதே காயலான் கடைக்குப் போனால் எடைக்கு எடை இரும்பு விலைதான் கிடைக்கும். பதிவுக்கு விண்ணப்பிக்க அக்காவுக்கு ஆறு மாத அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருக்கிறது, நானே பார்த்தேன். தரையில் எண்ணெய் சொட்டுகிறது என்ற புகார் நியாயமானது. அடியில் தகரத் தட்டு ஒன்றை இந்த ஞாயிற்றுக்கிழமை வைத்துவிடுகிறேன்.