நிலமும் சாதியும்: தர்மா குமாரின் ஆய்வுத் தடம்



தென்னிந்திய வேளாண் சமூகத்தின் வரலாற்றை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கு, தர்மா குமாரின் ஆய்வுகளைத் தன் முதற்பொருளாக எடுத்துக்கொண்டது பொருத்தமானது. ஏனெனில் சென்னை மாகாணத்து நிலமற்ற உழைப்பாளரைப் பற்றிப் பேச முற்படும் எவரும் அவர் எழுப்பிய வினாக்களைக் கடந்து செல்ல இயலாது. ஆயினும், நிலவுடைமையும் சாதியும் குறித்துத் தமிழில் நிகழும் விவாதங்களில் அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது.

வேதியியலறிஞர் கே. வெங்கடராமனின் மகளாக 1928இல் பிறந்த தர்மா குமார், பம்பாயிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் பயின்று, இந்திய ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய பின் மீண்டும் ஆய்வுலகுக்குத் திரும்பினார். கேம்பிரிட்ஜில் அவர் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு, 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' என்று பொருள்படும் தலைப்பில் 1965இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. தில்லி பொருளியல் பள்ளியில் பொருளியல் வரலாறு கற்பித்த அவர், இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்றுக்கான ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்ததோடு, 1983இல் வெளியான கேம்பிரிட்ஜ் இந்தியப் பொருளாதார வரலாற்றின் இரண்டாம் தொகுதியையும் பதிப்பித்தார். 2001இல் அவர் மறைந்தார்.

அவருடைய நூல் எந்தக் கருத்தை எதிர்கொண்டது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் அதன் எடை விளங்கும். தற்சார்புள்ள கிராமங்களில் உழவரும் கைவினைஞருமே இருந்தனர் என்றும், ஆங்கிலேய ஆட்சியின் நிலவரி, நிலவிற்பனை, கைத்தொழில்களின் நலிவு ஆகியவையே நிலமற்ற கூலியாளர் என்னும் தனி வர்க்கத்தை உருவாக்கின என்றும் அன்று பரவலாக நம்பப்பட்டது. 1952இல் வெளிவந்த சுரேந்திர படேலின் நூல் இக்கருத்துக்கு வலுவூட்டியது. தர்மா குமாரோ, ஆங்கிலேய ஆட்சி வேரூன்றுவதற்கு முன்பே தென்னிந்தியாவில் நிலமற்ற உழைப்பாளர் கணிசமாக இருந்தனர் என்றும், அவர்களை நிலத்திலிருந்து விலக்கி வைத்தது பெருமளவு சாதியே என்றும் நிறுவினார்.

இம்முடிவுக்கு அவர் வந்த வழி கூர்ந்து நோக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்வாரியான மக்கள்தொகைக் கணக்கு கிடையாது. ஆனால் பிற்காலக் கணக்கெடுப்புகளில் சாதிவாரி எண்ணிக்கை உண்டு. பள்ளர், பறையர், செறுமர், ஹொலெயர் என ஆவணங்கள் குறிக்கும் மக்கள் வழிவழியாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் என்பதால், அவர்களின் தொகையைக் கொண்டு முற்காலத்து நிலமற்றோர் அளவை அவர் மதிப்பிட்டார். இம்மதிப்பீட்டுக்குத் துணையாக, அடிமைமுறை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து வருவாய் வாரியம் திரட்டிய அறிக்கைகளை வைத்தார். நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் ஆட்கள் விற்கப்பட்டதையும், பண்ணையாள், அதாவது கடனாலும் வழக்கத்தாலும் ஒரு மிராசுதாரின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு நெல்லையே கூலியாகப் பெற்றவர், வேறிடம் செல்லும் உரிமையின்றி இருந்ததையும் அவை காட்டுகின்றன. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. ஆயினும் நிலம் கைமாறாத நிலையில், சட்டத்தில் அறுந்த பிணைப்பு கடனில் தொடர முடிந்தது.

1975இல் வெளியான அவருடைய கட்டுரை, 1853-54 முதல் 1946-47 வரையிலான பட்டாக் கணக்குகளைக் கொண்டு, ரயத்துவாரி முறையில், அதாவது அரசு இடைத்தரகரின்றி உழவரிடமே நேரடியாக வரி பெற்ற முறையில், நிலவுடைமை ஏற்றத்தாழ்வு பெரிதாகக் கூடியதற்குச் சான்றில்லை என்று வாதிட்டது. ஆனால் ஒருவரே பல பட்டாக்கள் வைத்திருக்கலாம், ஒரே பட்டாவில் பலர் பங்காளிகளாக இருக்கலாம் என்பதால், பட்டாவின் அளவை உடைமையின் அளவாகக் கொள்வதில் இடர் உண்டு.

சாதியைத் தொழிலுக்கு ஈடாகக் கொண்டதும் அத்தகைய இடருடையதே. ஒடுக்கப்பட்ட சாதியினருள் குத்தகை உழவரும் வேறு தொழில் செய்தோரும் இருந்தனர், பிற சாதியினருள்ளும் கூலிக்கு உழைத்தோர் இருந்தனர். ஆனால் இக்குறைகள் மதிப்பீட்டின் அளவைத் திருத்தக் கூடியவையே தவிர, ஆங்கிலேயருக்கு முன்னும் நிலமற்றோர் இருந்தனர் என்னும் அடிப்படையை அசைப்பவை அல்ல.

அவர் நூல் தமிழ் விவாதத்தில் ஓரங்கட்டப்பட்டதற்கு ஒரு காரணம் அதன் முடிவிலேயே இருக்கிறது. எல்லாக் கேட்டையும் அந்நிய ஆட்சியின் கணக்கில் எழுதும் தேசிய வரலாற்றுக்கு அது உவப்பானதன்று. அவ்வாட்சியை நியாயப்படுத்துவோரும் அதைத் துணைக்கழைக்க முடியாது, ஏனெனில் பழைய ஏற்றத்தாழ்வு அவ்வாட்சியில் நீடித்ததையே அது ஆவணப்படுத்துகிறது. எத்தரப்புக்கும் முழுதாகப் பயன்படாத ஆய்வை எடுத்துச் சொல்ல ஆளில்லாமற் போவது வியப்பன்று.

ஆகவே அவரைப் போற்றுவதோடு இக்கருத்தரங்கின் கடமை முடிந்துவிடாது. மாகாணம் முழுமைக்கும் அவர் செய்த மதிப்பீட்டை, தாலுகா அளவிலான நிலவரித்திட்டப் பதிவேடுகளோடும் ஊர்க்கணக்குகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும், அவர் கணக்கில் தனித்துத் தெரியாத நடவுப் பெண்களின் கூலியையும் உழைப்பையும் வெளிக்கொணர்வதும், அவர் நூலைத் தமிழில் கொண்டுவருவதும் எஞ்சியுள்ள பணிகள். அவர் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் சான்றுகளை முன்வைத்து வாதிட வேண்டும் என்னும் வேண்டுகோளுடன் இக்கருத்தரங்கு தொடங்கி வைக்கப்படுகிறது.