கோட்டுக்கு வெளியே நின்ற ஆசிரியர்



மாலை வேளையில் திருகோணமலை மக்கெய்சர் விளையாட்டரங்கின் பக்கமாகச் செல்வோர் பந்தை உதைப்பவனையே பார்ப்பர். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநரை நோக்குவார் இல்லை. அவ்வாறு வெளியே நின்ற ஓர் ஆசிரியரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் கலைப்பட்டதாரி, பள்ளிக்கூடங்களிற் கற்பித்தவர். 1950 முதல் இந்திய உதைபந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சியளித்தார். 1956இல் மெல்போண் ஒலிம்பிக்கில் அக்குழு நான்காம் இடம் பெற்றது.

1962இல் யகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. முதலாவது ஆட்டத்திலேயே தென்கொரியா 2–0 என இந்தியாவை வென்றது. அடுத்துத் தாய்லாந்துடன் ஆடுகையில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து, தையலிட வேண்டியதாயிற்று. பிறிதொருவராயின் அவரை வெளியே அமர்த்தியிருப்பார். நானும் அதையே செய்திருப்பேன். தலையிற் காயமேயன்றிக் கால்களிற் குறையில்லை என்று கண்டாரோ என்னவோ, ரகீம் அவரை முன்னணியில் நிறுத்திவிட்டார்! அரையிறுதியில் ஒரு கோல். இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவுக்கு எதிராக இன்னுமொரு கோல். 2–1 எனத் தங்கப்பதக்கம் கிட்டியது.

அப்பொழுதே புற்றுநோய் ரகீமைப் பற்றியிருந்தது. 1963 யூன் மாதத்தில் அவர் மறைந்தார். ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் இந்தியா இன்றுவரை மறுபடியும் தங்கம் பெறவில்லை.