நோயாளியின் குரலும் அசைவூட்டப் படமும்

மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் வயது, நோயின் பெயர், மருந்தின் அளவு ஆகியவை இடம் பெறுகின்றன. அந்நோய் அவரை எவ்வாறு வாட்டியது, சிகிச்சைக்கு வர ஏன் காலம் தாழ்த்தினார், மருந்தை ஏன் இடையில் நிறுத்தினார் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. அவற்றை நோயாளிதான் கூற முடியும். அவர் கூறுவதை மருத்துவ மாணவரும் பொதுமக்களும் கேட்கச் செய்யும் சாதனங்களுள் ஒன்று அசைவூட்ட ஆவணப்படம். உண்மையான ஒருவரின் குரலைப் பதிவு செய்து, காட்சிகளை ஓவியங்களால் அமைப்பது இதன் முறை.

முகம் காட்டத் தயக்கம்

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலக் கோளாறு உடையோரில் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. வசதிக் குறைவு ஒரு காரணம். ஊரார் பேச்சுக்கு அஞ்சுவது மற்றொன்று. நோயிலிருந்து மீண்டவர் திரையில் தோன்றிப் பேசினால் பிறரது அச்சம் குறையும். ஆனால் அவருடைய வேலைக்கும், குடும்பத்தில் நடக்கவிருக்கும் திருமணத்துக்கும் அதனால் ஊறு நேரலாம். முகத்தை மங்கலாக்கினாலோ குற்றம் செய்தவர் போலத் தோன்றுகிறார். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தையோ விவரங்களையோ அவரது இசைவின்றிச் செய்தி சாதனங்களுக்கு அளிக்கலாகாது என விதிக்கிறது. குரலை வைத்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும் ஓவியம் இந்த இக்கட்டுக்கு ஒரு வழி.

பிரிட்டனின் அனுபவம்

பிரிட்டனில் டிம் வெப் 1992இல் இயக்கிய 'ஏ இஸ் ஃபார் ஆட்டிசம்' என்னும் குறும்படம், ஆட்டிசம் உடையவர்களின் சொற்களையும் அவர்கள் வரைந்த ஓவியங்களையும் கொண்டு உருவானது. 2003இல் ஆண்டி கிளின் உருவாக்கிய 'அனிமேட்டட் மைண்ட்ஸ்' படங்களில் மனநோயுற்றோர் தம் அனுபவத்தைத் தாமே விவரித்தனர். வீதியில் இறங்க அஞ்சுபவரைக் கேமரா படமெடுத்தால் வாசலில் நிற்கும் மனிதர் ஒருவரே தெரிவார். அவருக்கு அவ்வீதி எவ்வாறு தோன்றுகிறது என்பதை ஓவியத்தால்தான் காட்ட இயலும்.

இந்தியாவில் திரைப்படப் பிரிவின் கார்ட்டூன் பகுதி 1956இல் தொடங்கப்பட்டது. அது குடும்ப நலம் போன்ற பொருள்களில் படங்கள் எடுத்தது. அவை மக்களுக்கு அறிவுரை கூறிய படங்கள். நோயாளி பேச, மற்றவர் கேட்பது இதற்கு நேர்மாறான முறை.

செலவும் மொழியும்

திரையில் விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டங்கள் தேவை. ஒரே ஓவியத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 ஓவியங்கள் ஆகும். கணினியின் உதவியிருந்தும் உழைப்பு மிகுதியே. ஒரு படத்தைப் பல மொழிகளில் வெளியிட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் எனத் தோன்றும். ஆனால் நடிகரின் குரலைச் சேர்த்தால் படத்திலுள்ள ஒரே சாட்சியம் மறைந்துவிடும். மூலக் குரலை நிறுத்தி, எழுத்தில் மொழிபெயர்ப்புத் தருவதே பொருத்தம். எழுத்தறியாதோருக்கு அந்தந்த மொழி நோயாளிகளைக் கொண்டே புதிய படங்கள் தேவைப்படும்.

இசைவு பெறும் முறை

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. குரல், ஊர், தொழில் ஆகியவற்றைக் கொண்டும் ஒருவரை அடையாளம் காணலாம். ஓவியர் தம் கற்பனையால் துன்பத்தை மிகைப்படுத்தவும் கூடும். ஆகவே ஓவியங்களை ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியிடம் காட்டித் திருத்த வேண்டும். படம் வெளிவரும் வரை விலகிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு வேண்டும். சிகிச்சையளிக்கும் மருத்துவரே நீட்டும் தாளில் இடப்படும் கையொப்பம் முழு இசைவாகாது. மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்ற அச்சம் அதில் கலந்திருக்கும். சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவர் இசைவு பெறுவதே முறை.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவை தனிப் பகுதியாகக் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய படங்களுக்கு உரிய முதல் இடம் அவ்வகுப்பறையே. சுகாதாரத் திட்டங்களின் விளம்பரச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குவதைத் திட்டமிடுவோர் கருத்திற் கொள்ளுதல் நலம்.