கூம்பு நிறுத்துதல்



தமிழ் உலகுக்கு வழங்கிய சொற்களை எடுத்துரைக்கும் மேடைகளில் ‘கட்டுமரம்’ தவறாது இடம்பெறும். ஆங்கிலம் அதனைக் ‘கேட்டமரான்’ என ஏற்றுக்கொண்ட செய்தியும் கைதட்டலுக்கிடையே சொல்லப்படும். வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்துள்ளார் என்பது உண்மையே. ஆயினும் இன்று அப்பெயரால் உலகம் சுட்டும் கலம் கட்டுமரம் அன்று. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணித்த மிதவை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலரவைப்பது பரதவர் வழக்கம். கேட்டமரானோ ஒடுங்கிய இரு படகுகளை இடைவெளி விட்டு நிறுத்தி விட்டங்களால் இணைத்தது. அதன் முன்னோர் பசிபிக் பெருங்கடலில் பாலினேசியர் செலுத்திய இரட்டை ஓடங்கள். 1876-இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டைப் படகைக் கட்டி நியூயார்க்குப் பந்தயத்தில் ஏனையவற்றை முந்தியபோது, அவ்வகைப் படகைப் போட்டிகளினின்றும் விலக்கிவிட்டனர். அந்தப் படகுக்கு வாய்த்த பெயர் தமிழ்ப் பெயர். கலம் தமிழர் கண்டதன்று. இவ்வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதால் தமிழுக்கு எக்குறையும் நேராது.

பெயர் பற்றிய பேச்சை இவ்வளவில் நிறுத்தி, அப்படகில் செய்யப்படும் ஒரு தொழிலைக் காண்பது இவ்வுரையின் நோக்கம். சிறிய இரட்டைப் படகில் பாய்மரத்தை எவ்வாறு நிமிர்த்துகின்றனர்? கவிஞர் கூடிய அவையில் இவ்வினா எதற்கு என ஐயுறுவோர் இருக்கலாம். புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புகார்த் துறைக்குள் நுழையும் பெருங்கலத்தைக் காட்டுகிறார். பாய்மரத்தையும் பாயையும் அகற்றாமல், பாரத்தையும் குறைக்காமல் அது உள்ளே வருகிறது. அகற்றாமை அங்கே சிறப்பாகப் பேசப்படுவதால், அகற்றுவதும் மீண்டும் நிறுத்துவதும் அக்காலக் கலங்களுக்கு அன்றாட வேலை என்பது பெறப்படும். பாய்மரத்துக்கு அப்புலவர் ஆளும் சொல் ‘கூம்பு’. இன்றைய மாணவர் அறிந்த கூம்பு கணிதப் பாடத்தின் கூம்பு ஒன்றே. சொல் போன வழியே தொழிலைப் பற்றிய கருத்தும் போய்விட்டது. தன்னந்தனியே நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குப் பாய்மரத்தை உவமை கூறும் புதுக்கவிதைகள் பல உள. கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். பாய்மரம் தனியே நிற்பதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு படகைக் கொள்வோம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டர் 1968-இல் 14 அடிப் படகொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனைத் தொடர்ந்து வந்து உலகெங்கும் பரவியது ‘ஹோபி 16’. நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. அதன் அலுமினியப் பாய்மரமோ 8 மீட்டர் நீளமுடையது. படகினும் மரம் நெடியது என்பதிலேயே இடர்ப்பாடு தொடங்குகிறது. வண்டியில் ஏற்றிவரும்போது மரம் படுத்துக் கிடக்கும். கரையில் அதனை நிறுத்தினால்தான் பாயை ஏற்ற முடியும்.

தமிழின் வினைச்சொற்கள் இங்கே துணைபுரிகின்றன. பாயை ஏற்றுகிறோம். கொடிக்கம்பத்தை நடுகிறோம், நட்டதை மண் பிடித்துக்கொள்கிறது. இப்படகின் மரத்துக்கு அத்தகைய குழி இல்லை. முன் விட்டத்தின் நடுவேயுள்ள சிறு பீடத்தின்மேல் அது அமர்கிறது. அதனைப் பிடித்திருப்பவை மூன்று கம்பிகள்: அணியத்துக்குச் செல்லும் முன்கம்பி ஒன்று, வலமும் இடமும் சற்றே பின்னோக்கி இறங்கும் பக்கக் கம்பிகள் இரண்டு. மின்கம்பத்தைச் சாயாமல் நிறுத்தும் ‘ஸ்டே கம்பி’யை நினைத்துக்கொண்டால் போதும். ஆகவே இதற்குப் பொருந்தும் வினை ‘நிறுத்துதல்’ ஒன்றே.

மரத்தை அமரத்தின் பக்கம் நீளக் கிடத்தி, அடியைப் பீடத்தில் பொருத்தி, வழுவாமலிருக்க அங்கே ஓர் ஊசியைச் செருகுவர். இவ்வூசி ஒரு கீல் போலப் பயன்படும். இதனை மறந்தவர் மரம் பாதி எழும்போது அடி நழுவி முன்னே பாய்வதைக் காண்பர். பின்னர் பக்கக் கம்பிகளை மாட்டுவர். ஒருவர் மரத்தைத் தலைக்குமேல் தூக்கியவாறு அடியை நோக்கி நடந்துவர, மற்றவர் அணியத்துக்கு முன்னே நின்று முன்கம்பியில் பிணித்த கயிற்றை இழுப்பார்.

இவ்விருவர் வேலையில் ஒரு நுட்பம் உண்டு. 20 கிலோ எடையுள்ள 8 மீட்டர் மரம் ஒன்றைக் கற்பனை செய்க. எடை முழுதும் நடுவில், அடியிலிருந்து 4 மீட்டரில் குவிந்திருப்பதாகக் கொள்க. நுனியைத் தூக்குபவர்க்குச் சுமை 10 கிலோதான். கையை 1.8 மீட்டர் உயரத்தில் வைத்து அவர் உள்நோக்கி நடக்க நடக்கச் சுமை ஏறும். மரம் 45 பாகை சாய்வுக்கு வரும்போது அது 22 கிலோ ஆகும். மரத்தின் முழு எடையினும் மிகுதியான அப்பாரத்தை, இரு படகுகளுக்கிடையே இழுத்துக் கட்டிய துணித்தளத்தின்மேல் கால் புதைய நின்று அவர் தாங்க வேண்டும். அதன்பின் சுமை விரைந்து குறையும். முன்னே கயிறு பிடித்தவரின் நிலை இதற்கு மாறானது. மரம் கிடையாக இருக்கையில் அவர் கயிறும் மரத்தோடு ஒரே கோட்டில் கிடக்கும். எவ்வளவு இழுத்தாலும் மரம் எழாது, அடிதான் நெருக்குண்ணும். கோணம் பிறந்த பிறகே அவர் இழுப்புக்குப் பொருள் உண்டு. தூக்குபவர் களைக்கும் அந்நடுவிடத்தில் இழுப்பவர் பொறுப்பேற்க வேண்டும். ‘இழு, இழு’ என்று தொடக்கத்திலேயே கூவுவது வீண்.

ஒருவரே நிறுத்த வேண்டுமாயின் கோணத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். அதற்கென்று வந்தது துணைக்கம்பு. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள இக்கம்பை மரத்தின் அடியில் செங்குத்தாகப் பொருத்தி, முன்கம்பியை அதன் தலைக்குக் கொண்டுவந்து கட்டுவர். தலையிலிருந்து அணியத்துக்குக் கப்பியும் கயிறும் செல்லும். கிடக்கும் மரமும் நிற்கும் கம்பும் சேர்ந்து எழுத்தாணி போல் அல்லாமல், கொத்தனாரின் மூலைமட்டம் போல் இருக்கும். கயிற்றை இழுத்தால் கம்பு முன்னே சாயும். சாயுமளவு மரம் எழும். முற்கூறிய மரத்தில் முன்கம்பி 6 மீட்டர் உயரத்தில் மாட்டப்பட்டு, அணியம் 2 மீட்டர் முன்னே இருப்பின், தொடக்கத்தில் முன்கம்பியின் இழுவிசை சுமார் 42 கிலோ. கப்பித் தொகுதியில் சுமார் 57 கிலோ. நான்கு இழை ஓடும் கப்பியானால் கைக்கு வருவது 14 கிலோவும் உராய்வுக்குரிய சிறிதளவும். பன்னிரண்டு வயதுச் சிறுமியும் இதனை இழுத்துவிடலாம்.

ஆனால் தூக்கும் பாரத்தைவிட அஞ்சத்தக்கது பக்கவாட்டுச் சாய்வு. விபத்துகள் பெரும்பாலும் ‘கம்பிதான் மாட்டியாயிற்றே’ என்னும் நம்பிக்கையில் நேர்பவை. பக்கக் கம்பிகள் கீலுக்குப் பின்னே படகில் மாட்டப்பட்டிருப்பதால், மரம் பின்னே கிடக்கும்போது அவை தளர்ந்து தொங்கும். மரம் ஏறத்தாழ நிமிர்ந்த பிறகே இறுகும். அதாவது, மிக வேண்டிய நேரத்தில் அவை வெறும் கம்பிகள். கீலுக்கு முன்னே மாட்டினால் முதலில் இறுகிப் பின் தளரும். கீலின் அச்சை வலமும் இடமும் நீட்டினால் வரும் கோட்டின்மேல், அதே உயரத்தில் உள்ள புள்ளியில் மாட்டிய கயிறு மட்டுமே தொடக்கமுதல் இறுதிவரை ஒரே இறுக்கத்தில் இருக்கும். இவ்வுண்மை விளங்கியவர் மரத்தின் நடுப்பகுதியிலிருந்து இரு தற்காலிகக் கயிறுகளை அக்கோட்டுக்கு இறக்கிக் கட்டுகின்றனர். துணைக்கம்புக்கும் அவ்வாறே பக்கக் கயிறுகள் வேண்டும். அல்லது ஒற்றைக் கம்புக்குப் பதிலாக இருகால் கவை ஒன்றை, கால்கள் அதே கோட்டில் இரு படகுகளிலும் ஊன்றுமாறு அமைக்கலாம். அதற்குப் பக்கக் கயிறே தேவையில்லை. ஒற்றை உடல் படகில் இத்தகைய அகன்ற அடித்தளம் கிடைப்பதரிது. அகலம் இரட்டைப் படகின் தனிப்பேறு.

இந்த அகலத்தை நம்பிக் கடலை வென்றவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் வாரம். பாலினேசிய ஓடங்களின் கடல்தகைமையை மெய்ப்பிக்க வேண்டி, தாமே கட்டிய இருபத்துமூன்றரை அடி நீள ‘தாங்கரோவா’வில் 1955-56-இல் இரு பெண்டிரோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். 2021-இல் மறைந்த அவர் தம் துணைவியர் குழுவோடு வகுத்த ‘திக்கி’ வகைப் படகுகளில் விட்டங்கள் படகுகளோடு கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. திருகாணியினும் கயிற்றுப் பிணிப்பு அலையின் அசைவுக்கு இணங்கிக் கொடுக்கும் என்பது அவர் கொள்கை. ‘கட்டு’ என்னும் நம் சொல் கேட்டமரானுக்கு மெய்யாகவே பொருந்துவது இங்கேதான். 21 அடித் திக்கி ஒன்றில் ரோரி மக்டூகல் 1991 முதல் 1997 வரை உலகைச் சுற்றிவந்தார்.

இன்னொன்று சொல்லாமல் விடலாகாது. நிமிர்த்திய மரத்தோடு படகைத் தள்ளிச் செல்கையில், மேலே செல்லும் மின்கம்பியில் மரம் பட்டு மாண்டோர் உண்டு. அலுமினியம் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துவது. இக்காரணத்தால் 1980-களின் நடுவில் ஹோபி படகின் மரத்துக்கு மேற்பகுதியைக் கண்ணாடியிழையால் செய்யத் தொடங்கினர். அதன் கீழ்ப்பகுதி இன்றும் அலுமினியமே, கம்பிகளும் உலோகமே. ஆகவே மரத்தைத் தொடுமுன் வானத்தை அண்ணாந்து நோக்குவது முதல் வேலை.

மாலையில் மரத்தைச் சாய்ப்பது நிறுத்தியதன் மறுதலைதான் என எண்ணுவோர் உளர். முழுவதும் அப்படியன்று. நிறுத்தும்போது பாரம் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. சாய்க்கும்போது முதற்கணம் மரம் எடையற்றதுபோல் நிற்கும். சாயச் சாயப் பாரம் பெருகும். கயிறு பிடித்தவர் உணரும்முன் கை எரிந்துவிடும். அதனால் பழகியவர்கள் கயிற்றை ஒரு முளையில் இருமுறை சுற்றியே கையில் பிடிக்கின்றனர். தற்காலிகக் கயிறுகளை மீண்டும் கட்டி, அமரத்தில் மரத்தை ஏந்தும் கவைக்கோல் நிற்கிறதா எனப் பார்த்து, பின்னே எவரும் இல்லை என்பதையும் உறுதிசெய்த பின்னரே முன்கம்பியின் ஊசியை உருவுகின்றனர்.