நடுவரின் மௌனம் யாருக்கு இலாபம்?



ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதன் ஆதரவாளர்கள் முதலில் ஒரு பெருமையைச் சொல்வார்கள். நூறு கிலோ எடையுள்ள ஆட்டக்காரர்கூட நடுவரை 'சார்' என்றுதான் அழைப்பார். காற்பந்தில் நடப்பதுபோல் நடுவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு யாரும் கூச்சல் போடமாட்டார்கள். இந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால், பெருமை பேசிக்கொண்டே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கமும் சில சங்கங்களில் இருக்கிறது. சம்பளம் வாங்காமல், ஆசைக்காக விளையாடும் அமெச்சூர் ஆட்டங்களில் அதனால் வரும் கேடு பெரிது.

2016 டிசம்பரில் இத்தாலியில் நடந்த சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அது உச்சப் பிரிவைச் சேராத ஒரு லீக் ஆட்டம். நடுவராக நின்றவர் மரியா பெயாத்ரிச்சே பென்வெனுத்தி. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நடுவராகப் பணியாற்றியவர். ஆட்டத்தின்போது ஓர் ஆட்டக்காரர் பின்னால் ஓடி வந்து அவரை மோதித் தரையில் வீழ்த்தினார். அந்தக் காணொளி உலகம் முழுவதும் பரவியது. இத்தாலிய சம்மேளனம் அந்த ஆட்டக்காரருக்கு 3 ஆண்டுத் தடை விதித்தது.

காணொளி இருந்ததால் அங்கே வாதத்துக்கு இடமில்லை. ஆனால் சனிக்கிழமை மாலையில் ஏதோ ஒரு நகராட்சித் திடலில் நடக்கும் ஆட்டத்துக்குக் கேமரா ஏது? அங்கே நடந்ததற்குப் பெரும்பாலும் ஒரே சாட்சி, நடுவர் எழுதும் அறிக்கைதான். அவர் எழுதாவிட்டால், எதுவும் நடக்கவில்லை என்றே ஆகிவிடும்.

சட்டம் பலவீனமாக இல்லை, நேயர்களே. ஆட்டக்காரர் நடுவரின் அதிகாரத்தை மதிக்க வேண்டும், அவருடைய தீர்ப்பை எதிர்த்து வாதாடக்கூடாது என்று ஆட்ட விதிகளின் 9ஆம் பிரிவே சொல்கிறது. முணுமுணுத்தால் நடுவர் பெனால்டி இடத்தை 10 மீட்டர் முன்னே நகர்த்தலாம். அதற்கும் அடங்காவிட்டால் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை.

திடலுக்கு வெளியே கட்டொழுங்குக் குழு இருக்கிறது. உலக ரக்பி அமைப்பின் தண்டனைப் பட்டியல் குற்றங்களைப் படிப்படியாகப் பிரிக்கிறது. நடுவரின் அதிகாரத்தை அவமதித்தால் குறைந்த நிலையில் 2 வாரம். அவரை வாயால் ஏசினால் 6 வாரம். மிரட்டினால் 12 வாரம். உடலால் தாக்கினால் 24 வாரத்தில் தொடங்கி, ஆயுட்காலத் தடை வரை போகலாம். ஆட்டமே இல்லாத விடுமுறைக் காலத்தில் இந்தத் தடையைக் கழித்துவிட முடியாது. உண்மையான ஆட்டங்களை இழந்தாக வேண்டும். ஒரு நாட்டில் தடை பெற்றவர் அடுத்த நாட்டுக்குப் போய் விளையாடவும் வழியில்லை.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. விசாரணையில் தன் தரப்பைச் சொல்லலாம், சாட்சி கொண்டு வரலாம், மேல்முறையீடு செய்யலாம். தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தினால், முன்பு எந்தக் குற்றமும் இல்லையென்றால், தண்டனை பாதி வரை குறையலாம். இதுவும் நியாயம்தான். ஆட்டத்தின் சூட்டில் ஒரு வார்த்தை தவறி விழுவது மனித இயல்பு.

பிறகு கோளாறு எங்கே? நடுவரின் பேனாவில் இருக்கிறது. பேனாவைப் பிடித்திருக்கும் கையைத் தடுக்கும் நிர்ப்பந்தங்களில் இருக்கிறது.

அமெச்சூர் ரக்பி ஒரு சின்ன ஊர் மாதிரி. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் சங்கப் பொறுப்பாளர் நடுவரின் தோளில் கை போடுவார். "பையன் நல்லவன்தான், இன்றைக்கு ஏதோ கோபம், இதைப் பெரிதாக்க வேண்டாமே" என்பார். நடுவர் யார்? வார நாளில் வேலைக்குப் போய்விட்டு, வார இறுதியில் போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் ஏதோ பெற்றுக்கொண்டு வருகிற ஒரு தொண்டூழியர். அடுத்த மாதம் அதே சங்கத்தின் ஆட்டத்துக்கு அவரேதான் போக வேண்டியிருக்கும். 'நமக்கேன் வம்பு' என்று விட்டுவிடுகிறார். அடுத்த வாரம் அதே ஆட்டக்காரர் அதே வார்த்தையை வேறொரு நடுவரிடம் சொல்கிறார். அந்த நடுவர் பதினேழு வயது இளையராக இருந்தால், வீட்டுக்குப் போய் விசிலை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அறிக்கையும் இல்லை, இராஜினாமாக் கடிதமும் இல்லை. ஆள் மட்டும் திரும்ப வருவதில்லை.

உச்ச நிலையில் நடப்பதும் கீழே வடிந்து வருகிறது. 2021இல் தென்னாப்பிரிக்காவின் ராஸி எராஸ்மஸ் ஒரு டெஸ்ட் ஆட்டத்தின் நடுவரைக் குறைகூறி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் காணொளியில் பேசினார். அவருக்கு ரக்பி நடவடிக்கை அனைத்திலும் 2 மாதத் தடையும், ஆட்ட நாள் பணிகளில் 2022 செப்டம்பர் இறுதி வரை தடையும் கிடைத்தன. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் பிறகு, அதில் காணொளி நடுவராக இருந்த டோம் ஃபோலி, இணையத்தில் குவிந்த ஏச்சுகளால் அனைத்துலக ஆட்டங்களிலிருந்து விலகினார். தொலைக்காட்சியில் இதைப் பார்க்கும் சிறுவன், நடுவரை ஏசலாம் என்று கற்றுக்கொள்கிறானா, ஏசினால் தண்டனை உண்டு என்று கற்றுக்கொள்கிறானா? அதைத் தீர்மானிப்பவர்கள் அவனைச் சுற்றி நிற்கும் பெரியவர்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் ரக்பி விளையாடுகிறார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோரும் பயிற்றுநரும் எழுப்பும் குரல்தான் பிள்ளையின் காதில் முதலில் விழுகிறது. பார்வையாளர் ஏசினால் அதற்குச் சங்கம் பொறுப்பேற்க வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. ஏசப்பட்ட நடுவர் அன்றிரவே, கேட்ட வார்த்தையைக் கேட்டபடி எழுத வேண்டும். 'தகாத சொல்' என்று மழுப்பினால் குழு எதை வைத்துத் தண்டனையை அளக்கும்? "உங்கள் தீர்ப்பு தவறு" என்பதும், "நீ காசு வாங்கிவிட்டாய்" என்பதும் ஒன்றா? இளம் நடுவரோடு அனுபவமுள்ள ஒருவர் உடன் சென்று, அறிக்கை எழுதும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவரிடம் சமாதானம் பேச வரும் பொறுப்பாளர், தன் ஆட்டக்காரரிடம் பேசப் போக வேண்டும். தடை முடிந்து திரும்பும் ஆட்டக்காரரை ஒரு சிறுவர் ஆட்டத்துக்கு விசிலோடு அனுப்பிப் பார்க்கலாம். இருபது நிமிடத்தில் அவருக்குப் பல விஷயம் புரிந்துவிடும்.

நடுவர் தவறே செய்யமாட்டாரா? செய்வார். யானைக்கும் அடி சறுக்கும். அந்தத் தவற்றைச் சொல்ல ஆட்டத்துக்குப் பின் முறையான வழி இருக்கிறது. பதினைந்து பேர் கொண்ட அணியில் ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும். நடுவர் வராவிட்டால் முப்பது பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அடுத்த முறை திடலோரம் நிற்கும்போது, ஆட்டம் முடிந்து தனியாக நடந்து போகும் அந்த ஒருவரிடம் "நன்றி சார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அடுத்த வாரமும் வருவதற்கு அது ஒரு காரணமாகலாம்.