ஹாரியட் சிக் அம்மையாரின் ஆய்வுப் பணி



1905-ஆம் ஆண்டில் இலண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஹாரியட் சிக் அம்மையார் விண்ணப்பித்தார். பெண்ணைச் சேர்க்கலாகாது என்று அங்கிருந்த இருவர் மன்றாடினர். இயக்குநர் அதற்கு இணங்கவில்லை.

முதல் உலகப் போரால் நலிந்திருந்த வியன்னா நகருக்கு அம்மையார் 1919-இல் சென்றார். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தொற்றுநோயென்றே அந்நகர மருத்துவர்கள் எண்ணியிருந்தனர். அம்மையாரின் குழு, குழந்தைகளைப் பிரித்து வெவ்வேறு உணவளித்து ஒப்பிட்டு நோக்கியது. காட் மீனின் ஈரல் எண்ணெயும் கதிரொளியும் அந்நோயைத் தீர்க்கும் என்பது 1922-க்குள் தெளிவாயிற்று. அவ்விரண்டாலும் உடல் பெறுவதையே வைட்டமின் டி என்கிறோம்.

அந்த இருவரின் சொல் வென்றிருக்குமாயின், வியன்னாக் குழந்தைகள் இன்னும் எத்தனை ஆண்டுகள் துன்புற்றிருப்பரோ! கல்விக்கூடத்தின் கதவை அடைப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.